உங்க ஊரே ஒரு பாடப்புத்தகம்: சுங்குவார்சத்திரத்திலிருந்து பொருளாதாரம் படிப்பது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது; திரும்பத் திரும்ப வந்தவை மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு பேசப்போற விஷயத்தை நேயர்கள்தான் எடுத்துக் கொடுத்தாங்க. ரிசல்ட் வர்ற சீசன் வந்தாலே நம்ம இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி: "அரசுப் பல்கலைக்கழகத்துல எக்கனாமிக்ஸ் எடுக்கலாமா? படிச்சா என்ன கிடைக்கும்?" வேலை கிடைக்குமான்னு மட்டும் கேக்குறவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். அதைக் கடைசியில சொல்றேன். அந்தப் படிப்பு நமக்கு எதுக்குன்னு கேட்டா, கொஞ்சம் சுத்தி வரணும். 1916 வரைக்கும் போயிட்டு வரணும்.

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. நான் சுங்குவார்சத்திரத்துப் பொண்ணு. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி காஞ்சிபுரம் போற வழியில இருக்கு எங்க ஊர். செல்போன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் கண்ணாடின்னு உங்க வீட்டுல இருக்கிற ஏதோ ஒண்ணு எங்க சுத்துவட்டாரத்துல செஞ்சதா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. பொருளாதாரம் முடிச்சேன். பேர் வேண்டாம். தமிழ்நாட்டுல எந்தப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துல படிச்சவங்களும் "இது நம்ம கதைதான்"னு சொல்வீங்க.

ரெண்டு பஸ்

எங்க தெருவுல ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க முன்னாடி ரெண்டு பஸ் வந்து நிக்கும். ஒண்ணு காலேஜ் பஸ், இன்னொண்ணு கம்பெனி பஸ். கம்பெனி பஸ்ல ஏறினா அடுத்த மாசமே சம்பளம். காலேஜ் பஸ்ல ஏறினா மூணு வருஷம் கழிச்சு ஒரு பேப்பர்.

பொருளாதாரத்துல முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற "வாய்ப்புச் செலவு" இதுதான். ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்க விட்டுக்கொடுக்கிற இன்னொண்ணோட மதிப்பு. புத்தகத்துல உதாரணமா வெண்ணெயும் துப்பாக்கியும் வரும். எங்க தெருவுல உதாரணம் ரெண்டு பஸ்.

ஒரு பேச்சுக்கு, கம்பெனியில மாசம் 15,000 ரூபாய்னு வைங்க. மூணு வருஷம், 36 மாசம். 5,40,000 ரூபாய். அரசுக் கல்லூரியில பி.ஏ. ஃபீஸ் கம்மி, அதனால படிப்பு கிட்டத்தட்ட இலவசம்னு நகரத்துல இருக்கிற நண்பர்கள் சொல்வாங்க. ஃபீஸ் கம்மிதான், படிப்பு இலவசம் இல்ல. அந்த அஞ்சரை லட்சம்தான் எங்க வீடு கட்டுற உண்மையான ஃபீஸ். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022-லேர்ந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. அது உதவிதான், சந்தேகமே இல்ல. ஆனா இந்தக் கணக்குல 15,000-ஐ 14,000 ஆக்குது, அவ்வளவுதான்.

இவ்வளவு கொடுத்து வாங்குற படிப்பு இது. "சும்மா ஒரு டிகிரி இருக்கட்டும்"னு எங்க ஊர்ல யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் இது எதுக்குங்கிற கேள்வி எங்களுக்கு ரொம்ப சீரியஸான கேள்வி.

பெரிய வகுப்பு, கைடு புத்தகம்

உள்ள போனதும் என்ன இருக்கும்? நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், பொது நிதியியல், பன்னாட்டுப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம். வகுப்புல நிறைய பேர். பாதிப் பேர் தமிழ் மீடியத்துலேர்ந்து வந்தவங்க. "இறுதிநிலைப் பயன்பாடு"ன்னு படிச்சதை திடீர்னு "மார்ஜினல் யுட்டிலிட்டி"ன்னு எழுதணும். தேர்வுக்கு அஞ்சு வருஷக் கேள்வித்தாள், ஒரு கைடு, பக்கத்துக்கு ஒரு வரைபடம். ரெண்டு கோடு வெட்டிக்கிற இடத்துல ஒரு புள்ளி வெச்சு "சமநிலை"ன்னு எழுதினா மார்க் வந்துடும்.

குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. அந்த வகுப்புல எனக்கு ரெண்டு நல்ல ஆசிரியர்கள் கிடைச்சாங்க, பெரிய நூலகம் கிடைச்சது. அதை விட முக்கியமா, திருவாரூர், தருமபுரி, ராமநாதபுரம்னு எல்லா ஊர் ஆளும் ஒரே பெஞ்சுல கிடைச்சாங்க. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஒரு பொருளாதாரம் இருக்கு. ஒருத்தர் வீட்டுல நெல், ஒருத்தர் வீட்டுல வளைகுடா பணம், ஒருத்தர் வீட்டுல கரும்புக்கு வராத பாக்கி. தனியார் கல்லூரியில எவ்வளவு ஃபீஸ் கட்டினாலும் இவ்வளவு வகையான ஆளுங்களை ஒரே ரூம்ல பாக்கிறது கஷ்டம்.

பிரச்சினை என்னன்னா, அந்த பெஞ்சுல உக்காந்திருந்த பொருளாதாரத்தைப் பத்தி வகுப்புல ஒரு கேள்வியும் வரல. இது புதுக் குறையான்னு தேடிப் பாத்தப்பதான் எனக்கு ஒரு ஆச்சரியம். தமிழ்நாட்டுல பல்கலைக்கழகப் பொருளாதாரம் ஆரம்பிச்சதே இதுக்கு நேர் எதிரா!

1916: லீவுக்கு ஊருக்குப் போறவங்க இதை எடுத்துட்டுப் போங்க

சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது 1857-ல. ஆனா இந்தியப் பொருளாதாரத்துக்குன்னு அங்க முதல் பேராசிரியர் வந்தது 1915-லதான். அவர் பேர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக்காரர். அதுக்கு முன்னாடி ஆக்ஸ்ஃபோர்டுல ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். ரஸ்கின்ங்கிறது தொழிலாளர்கள் வந்து படிக்கிறதுக்காக ஏற்படுத்தின கல்லூரி.

அவர் இங்க வந்ததும் செஞ்ச வேலை ரொம்ப எளிமையானது. மாணவர்கள் கையில ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தார். விடுமுறைக்கு சொந்த ஊர் போறப்ப, அந்த ஊர்ல எத்தனை வீடு, யார்கிட்ட எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, யாருக்கு எவ்வளவு கடன்னு விசாரிச்சு எழுதிட்டு வரச் சொன்னார். அப்படி எழுதி வந்ததைத் தொகுத்து 1918-ல ஒரு புத்தகமா வெளியிட்டாங்க. தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பத்தின அந்தப் புத்தகம்தான் பல்கலைக்கழகத்தோட பொருளாதார ஆய்வு வரிசையில முதல் தொகுதி.

அந்த ஊர்கள்ல சிலதோட பேரைச் சொல்றேன், கேளுங்க. இன்னைக்கு விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற இருவேல்பட்டு. தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி. திருநெல்வேலி பக்கத்துல கங்கைகொண்டான். அப்புறம் தூசி. காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி ரோட்டுல, மாமண்டூர் ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற தூசிதான். எங்க ஊர்லேர்ந்து காஞ்சிபுரம் போயி இன்னொரு பஸ் பிடிச்சா தூசி. கங்கைகொண்டான்ல இன்னைக்கு சிப்காட் இருக்கு. தூசியைத் தாண்டிப் போனா செய்யாறு சிப்காட், ஷூ கம்பெனி. நூறு வருஷத்துக்கு முன்னாடி பொருளாதார மாணவர்கள் நெல்லையும் ஏரியையும் கணக்கெடுத்த ஊர்ப் பக்கமெல்லாம் இப்ப ஷிஃப்ட் பஸ் ஓடுது.

ஸ்லேட்டர் புத்தகத்தோட பெரிய அதிர்ஷ்டம், அது ஒரு தடவையோட நிக்கல. 1930-கள்ல பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு பண்ணி 1940-ல வெளியிட்டாங்க. 1961-ல மார்கரெட் ஹாஸ்வெல் வந்தாங்க. 1980-கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துலேர்ந்து எஸ். குகனும் மற்றவங்களும் போனாங்க. 1971-ல மால்கம் ஆதிசேஷையா ஆரம்பிச்ச நிறுவனம் அது. அவர் பின்னாடி சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராவும் இருந்தவர். 2008-ல இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூணு பேரும் மறுபடி போனாங்க. ஒரே ஊர், கிட்டத்தட்ட நூறு வருஷம். உலகத்துலயே இப்படிப்பட்ட தொடர் ரொம்ப அபூர்வம்.

அதுல என்ன தெரிஞ்சது? 1916-ல இருவேல்பட்டுல ஊர் நிலத்துல பெரும்பங்கு ஒரு குடும்பத்துக் கையில. தலித் மக்கள் படியாளா, கடனுக்குக் கட்டுப்பட்டு, அந்த நிலத்துல வேலை செஞ்சாங்க. 2008-ல படியாள் முறை இல்ல. விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போறது சகஜமாயிடுச்சு. பெரிய வீட்டோட பிடி தளர்ந்துடுச்சு. ரேஷன் அரிசி, வெளியூர் வேலை, அரசியல், எல்லாமும் அதுல பங்கு வகிச்சது. ஆனா சொத்து சமமா பிரிஞ்சிடல. கூலி ஆள் வீட்டுப் பையன் பெரும்பாலும் வேற ஒரு இடத்துல கூலி ஆளாத்தான் போனான்.

இந்த வரலாற்றுல ஒரு விஷயம் எனக்கு உறுத்தலா இருந்துச்சு. 1916-ல நோட்டுப் புத்தகம் யார் கையில இருந்தது? அன்னைக்குப் பல்கலைக்கழகம் போனவங்க பெரும்பாலும் நிலமும் வசதியும் உள்ள வீட்டுப் பையன்கள். கேள்வி கேட்டது அவங்க, பதில் சொன்னது படியாள். இன்னைக்கு தமிழ்நாட்டுல 18 முதல் 23 வயசுக்குள்ள இருக்கிறவங்களோட எண்ணிக்கையில 47 சதவீதம் அளவுக்கு உயர்கல்விச் சேர்க்கை இருக்கு. 2021-22 கணக்கு இது. இந்திய அளவுல அது 28 சதவீதம்தான். அப்படின்னா பதில் சொன்னவங்க வீட்டுப் பிள்ளைங்க நோட்டுப் புத்தகத்தோட பல்கலைக்கழகத்துக்குள்ள வந்தாச்சு. ஆனா நோட்டுல கைடுலேர்ந்து காப்பி பண்றோம். இன்னைக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

சம்பளம் எவ்வளவுன்னு கேக்காதீங்க

எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு நான் என் தெருவையே எடுத்துக்கிட்டேன். சுங்குவார்சத்திரத்துல, எங்க வீட்டைச் சுத்தி இருக்கிற லைன் வீடுகள். ஒரே சுவர், வரிசையா ரூம், கடைசியில பொது பாத்ரூம். பெரும்பாலும் வெளியூர்ப் பொண்ணுங்க, பசங்க.

முதல் சிக்கலே "குடும்பம்"ங்கிற வார்த்தையில. நம்ம நாட்டு மாதிரிக் கணக்கெடுப்புகள்ல குடும்பம்னா ஒண்ணா வாழ்ந்து ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க. ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு தனி ஆள் குடும்பம். வருமானத்தைப் பொதுவுல போட்டுச் செலவு பண்ற குழு இருந்தா மட்டும் அது ஒரே குடும்பம். இப்ப வல்லம் வடகால்ல 2024-ல திறந்த தொழிலாளர் குடியிருப்பை நினைச்சுப் பாருங்க. 18,720 பேர் தங்கலாம். அதிகாரி வீடுதோறும் தட்டிக் கேக்கிறதுக்காக எழுதின வரையறை, இங்க வந்தா 18,720 குடும்பமாயிடுது! அந்தப் பொண்ணு மாசாமாசம் பணம் அனுப்புற நிஜக் குடும்பம் வேற மாவட்டத்துல இருக்கு.

ரெண்டாவது சிக்கல், சம்பளம். "மாசச் சம்பளம் எவ்வளவு?"ன்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண்ணைச் சொல்வாங்க. சிலர் ஆஃபர் லெட்டர்ல இருக்கிறது, சிலர் ஓ.டி. சேத்து, சிலர் வீட்டுக்கு அனுப்புறது. மூணு நாள்ல கேள்வியை மாத்தினேன். "கடைசி மாசம் அக்கவுண்ட்ல எவ்வளவு விழுந்துச்சு? அதுக்கு முன்னாடி என்னென்ன பிடிச்சாங்க?" அப்பதான் படம் தெளிவாச்சு. பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அப்புறம் சாப்பாடு, தங்குற இடம், பஸ்.

மூணாவது, வேலையோட வகை. ஒரே லைன்ல, ஒரே ஸ்க்ரூவை முடுக்குற நாலு பேர். ஒருத்தர் பெர்மனென்ட், ஒருத்தர் கான்ட்ராக்ட், ஒருத்தர் ட்ரெய்னி, ஒருத்தர் அப்ரெண்டிஸ். நாலு சம்பளம். இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள்ல சுமார் 40 சதவீதம் பேர் கான்ட்ராக்ட்னு அரசோட தொழிற்சாலைகள் ஆண்டு ஆய்வே சொல்லுது. பாடப்புத்தகத்துல "ஒரே வேலைக்கு ஒரே கூலி நிலவும் சந்தை"ன்னு ஒரு கோடு. எங்க தெருவுல நாலு கோடு.

இந்த இடத்துல நடந்த ஒரு உரையாடலைச் சொல்லியே ஆகணும். மூணாவது ரூம்ல ஒரு அக்கா. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து துணி துவைச்சுட்டு இருந்தாங்க. நான் கேள்வித்தாளை எடுத்தேன்.

"ஏம்மா, இதை எழுதி எங்க கொடுப்ப?"

"யுனிவர்சிட்டியிலக்கா. ப்ராஜெக்ட்."

"கம்பெனிக்குப் போவாதே?"

"போவாதுக்கா. பேரே எழுதல பாருங்க."

"சரி. இதனால உனக்கு மார்க்கு. எனக்கு என்ன?"

எந்தப் பேப்பர்லயும் வராத கேள்வி இது. ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரையும் ஒரு தடவை இந்தக் கேள்வி முன்னாடி நிக்க வைக்கணும். அவங்க பேர், கம்பெனி பேர், ஊர் பேர் எதுவும் என் நோட்டுல இருக்கக் கூடாதுன்னு நான் முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன். கான்ட்ராக்ட்ல இருக்கிற ஒருத்தருக்கு "நீங்க நாளைக்கு வர வேண்டாம்"னு சொல்ல காரணமே தேவையில்ல. என்னோட டேட்டா அவங்களோட வேலை. ஆனா தீங்கு பண்ணாம இருக்கிறது ஒரு பதில் ஆயிடுமா?

அன்னைக்கு சாயந்திரம் அவங்களோட பே ஸ்லிப்பை வெச்சு ரெண்டு பேரும் உக்காந்தோம். ஓ.டி. மணிநேரத்தை எண்ணினோம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலிங்கிறது 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலேர்ந்தே இருக்கிற விதி. அதை எப்படிக் கணக்குப் போடுறதுன்னு எழுதிக் காட்டினேன். அப்புறம் போன்ல அவங்களோட பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனியில பதினோரு மாசம் இருந்துட்டு வந்திருக்காங்க. அந்தப் பணம் அப்படியே இருந்தது. அவங்களுக்கு அது ஞாபகமே இல்ல. "இது என் பணமா?"ன்னு மூணு தடவை கேட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில ஏழு பேர் பே ஸ்லிப்போட வந்து உக்காந்திருந்தாங்க. பொருளாதாரம் படிச்சு என்ன கிடைக்கும்னு அதுக்கப்புறம் எங்க அம்மா என்னைக் கேக்கல.

மூணு கோட்பாடு, ஒரு தெரு

இதைக் கேட்டுட்டு "தியரி வேண்டாம், ஃபீல்டு போதும்"னு நினைச்சுடாதீங்க. தியரி இல்லாம போனா, நீங்க பாக்கிறது வெறும் தெருதான். மூணு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, ஆர்தர் லூயிஸ். கரீபியன் தீவுல பிறந்தவர், 1979-ல பொருளாதார நோபல் வாங்கினவர். 1954-ல அவர் எழுதின கட்டுரையோட சாரம் இது: விவசாயத்துல தேவைக்கு மேல ஆள் இருக்கிற வரைக்கும், தொழிற்சாலை கூலியைப் பெருசா உயர்த்தாமலே எவ்வளவு ஆள் வேணும்னாலும் எடுத்துக்கலாம். அந்த உபரி தீந்து போற நாள்லேர்ந்துதான் கூலி ஏறும். எங்க தெருவை வெச்சு இதைப் பாருங்க. முதல்ல பக்கத்து ஊர் ஆட்கள் வந்தாங்க. அப்புறம் தெற்கு மாவட்டங்கள், டெல்டா. இப்ப ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். லூயிஸ் வரைஞ்ச கோடு ஒரு நாட்டுக்குள்ள எவ்வளவு தூரம் நீளும்? தமிழ்நாட்டுல ஆள் தீந்தாலும் ரயில் இருக்கே! வகுப்புல இதைக் கேட்டப்ப, எங்க சார் மூணு வாரத்துக்கு வேற பாடமே எடுக்கல.

ரெண்டு, ரிக்கார்டோ. தமிழ்ப் பாடப்புத்தகத்துல அவரோட கோட்பாட்டுக்கு "வாரக் கோட்பாடு"ன்னு பேர். முதல் தடவை படிக்கிறவங்க திங்கள், செவ்வாய்னு நினைச்சுப்பாங்க. குத்தகை, வாரம்ங்கிற அந்த வாரம். அவர் 1817-ல சொன்னது: வாரம் அதிகமா இருக்கிறதால தானிய விலை ஏறல, தானிய விலை ஏறினதால வாரம் ஏறுது. தானியத்துக்குப் பதிலா சம்பளம்னு போடுங்க. கம்பெனியில இன்க்ரிமென்ட் போட்ட சேதி வந்த ரெண்டாவது மாசம் லைன் வீட்டு வாடகை ஏறும். சம்பள உயர்வுல ஒரு பங்கு பக்கத்துலயே இடம் வெச்சிருக்கிறவர் பைக்குப் போகுது. இதைப் புரிஞ்சுக்கிட்டா, தொழிலாளர் குடியிருப்பு கட்டுறது கூலிக் கொள்கையும்தான்னு தெரியும்.

மூணு, ஜோன் ராபின்சன். 1933-ல "மொனாப்ஸனி"ங்கிற சொல்லைப் பொருளாதாரத்துக்குள்ள கொண்டு வந்தவங்க. விக்கிறவர் ஒருத்தரா இருந்தா முற்றுரிமை. வாங்குறவர் ஒருத்தராவோ ரொம்பச் சிலராவோ இருந்தா மொனாப்ஸனி. உழைப்பை வாங்குற சந்தை அப்படி இருந்தா, கூலி, தொழிலாளி உருவாக்குற மதிப்பை விடக் கீழேயே நிக்கும். அங்க தொழிலாளர்கள் சேர்ந்து பேரம் பேசினா, கூலி ஏறியும் வேலை குறையாம இருக்க முடியும். வழக்கமான வரைபடம் இதுக்கு நேர்மாறா சொல்லும்.

இதை வெச்சு 2024-ஐப் பாருங்க. செப்டம்பர் 9-லேர்ந்து சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. சம்பளமும் பேச்சுல இருந்தது. ஆனா அடிப்படைக் கோரிக்கை, தங்களோட சங்கத்தை அங்கீகரிக்கணும்ங்கிறது. 2025 ஜனவரியில சங்கம் பதிவாச்சு. எண்ணிப் பாத்தா, இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு சொல்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது 1918-ல. ஸ்லேட்டர் புத்தகம் வந்த அதே வருஷம், அதே நகரம். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி மில் தொழிலாளர்களோட நின்ன காலம். சங்கம் வைக்கிற உரிமையைச் சட்டமாக்கினது 1926-ல. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சும் முதல் கேள்வி அதேதான்: எங்களோட பேரம் பேச நீங்க உக்காருவீங்களா?

இன்னொரு பக்கமும் இருக்கு. நேர்மையா படிக்கிறவங்க அதையும் எழுதணும். ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர்ல மூடிச்சு. அந்த ஞாபகம் இன்னும் எங்க ஊர் டீக்கடையில இருக்கு. "ரொம்பக் கேட்டா போயிடுவான்"ங்கிற பயம் கற்பனையில்ல. நோக்கியா மூடினதுக்குக் காரணம் வரித் தகராறு, கம்பெனி கைமாறினது, சந்தையே மாறினதுன்னு பலது, கூலி இல்ல. ஆனா டீக்கடையில அந்தக் காரணம் எல்லாம் நிக்காது, பயம் மட்டும்தான் நிக்கும். எந்தக் கம்பெனி எதனால வந்தது, எதனால போச்சுன்னு பிரிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் பொருளாதாரம் படிச்ச ஆள் ஊர்ல இருக்கணும்.

இந்தியாவுல தொழிற்சாலை வேலையில இருக்கிற பெண்கள்ல 40 சதவீதத்துக்கு மேல தமிழ்நாட்டுல இருக்காங்க. இவ்வளவு பெரிய மாற்றம் நம்ம கண் முன்னாடி நடக்குது. அதைப் பத்தின அறிக்கைகளை யார் எழுதுறாங்க? ஆலோசனை நிறுவனங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், பத்திரிகையாளர்கள். நல்லாவே எழுதுறாங்க. ஆனா அந்த லைன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல வளர்ந்து, பொருளாதாரமும் படிச்ச ஒருத்தர் எழுதினா வேற கேள்விகள் வரும். அப்படிப்பட்ட ஆளை உருவாக்குற ஒரே இடம் இன்னைக்கு அரசுப் பல்கலைக்கழகம்தான்.

சரி, என்ன பண்ணலாம்?

சேரப் போறவங்களுக்கும், ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களுக்கும் சில விஷயம்.

புள்ளியியல் பேப்பரை மட்டும் கைடு வெச்சுப் படிக்காதீங்க. மத்ததை அப்புறமா படிச்சுக்கலாம், அது பிடிபடலன்னா எதுவும் நிக்காது. எக்ஸெல் நல்லா கத்துக்கோங்க, அப்புறம் இலவசமா கிடைக்கிற ஆர் மென்பொருள். வேலைவாய்ப்பு பத்தின பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பு 2017-லேர்ந்து நடக்குது. அதோட மூலத் தரவை மத்திய புள்ளியியல் துறை தளத்துல பதிவு பண்ணி இலவசமாவே இறக்கிக்கலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கா, சம்பளத்தோட லீவு உண்டா, சமூகப் பாதுகாப்பு உண்டான்னு எல்லாக் கேள்வியும் அதுல இருக்கு.

தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ரெண்டு பக்கம் எழுதப் பழகுங்க. உங்க தெருவுக்குப் புரியுற தமிழ், தேர்வாளருக்குப் புரியுற ஆங்கிலம். ரெண்டுல ஒண்ணு போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ப்ராஜெக்டுக்கு தலைப்பு தேடி சீனியரோட பழைய பைண்டிங்கைப் புரட்டாதீங்க. உங்க ஊர்ல ஒரு தெரு போதும். இருபது வீடு. பேர் எழுதாதீங்க. நோட்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க. பத்து வருஷம் கழிச்சு அதே இருபது வீட்டுக்கு நீங்களோ உங்க ஜூனியரோ மறுபடி போலாம். இருவேல்பட்டு அப்படித்தான் இருவேல்பட்டு ஆச்சு.

வேலை விஷயத்துக்கு வந்துடறேன். எம்.ஏ. முடிச்சா யூ.பி.எஸ்.சி. நடத்துற இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். அதுக்குப் பொருளாதார முதுகலை கட்டாயம். நெட், செட் எழுதிக் கல்லூரிக்குப் போலாம். ரிசர்வ் வங்கி, மத்த வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், தரவு பகுப்பாய்வு வேலைகள் இருக்கு. எதுவும் தானா வந்து விழாது. போட்டி கடுமை. வீட்டுல அந்த அஞ்சரை லட்சம் கணக்கை வெளிப்படையா பேசிட்டுச் சேருங்க. பகல்ல வேலைக்குப் போயிட்டு தொலைதூரக் கல்வியில படிக்கிறவங்களும் எங்க தெருவுல இருக்காங்க. அவங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. லைன்ல நின்னுட்டு லூயிஸ் படிக்கிறவங்களுக்கு, வகுப்புல இருக்கிற எங்களுக்குத் தெரியாத பதில் தெரியும்.

அந்த அக்கா கேட்ட "எனக்கு என்ன?"ங்கிற கேள்விக்கு என்கிட்ட இன்னும் முழுசா பதில் இல்லாம இருக்கலாம். ஆனா அந்தக் கேள்வியை எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டுப் படிச்சா, எந்தப் பாடமும் வெறும் பாடமா இருக்காது.

இந்த லீவுல ஊருக்குப் போறவங்க ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. என்ன எழுதினீங்கன்னு நமக்கும் சொல்லுங்க. நல்லதா வந்ததை, பேர் எல்லாம் மறைச்சு, ஒரு எபிசோடா பண்ணலாம். அடுத்த வாரம் பாக்கலாம்.